வலது பின்சக்கரம்

இந்த ஆண்டு போட்டி விதியில் ஒரே வரிதான் மாறியது:
ஓட்டுபவரின் முழங்கால் இருக்கும் இடம்
நாலு விரற்கடை அகலமாக வேண்டும்.

கப்பலூர் சிட்கோவில், தகரக் கொட்டகையில்,
சட்டகத்தின் குழாய்களை அறுத்து விரித்தோம்.
விரிந்ததும் ஸ்டீயரிங் தண்டு தன் கோணத்தை இழந்தது.
அதைத் தாழ்த்தினால் பெடல் இடித்தது.
பெடலை முன்னுக்குத் தள்ள, இருக்கை சாய்ந்தது.
சாய்ந்த இருக்கை பெட்ரோல் டேங்கை நெருக்க
டேங்க் என்ஜினைப் பார்த்தது.
என்ஜின் எங்கே போகும்?
செயின் விட்ட அளவுக்கு
இரண்டு விரல் பின்வாங்கியது.

பெரியார் நிலையத்தில் ஷேர் ஆட்டோவுக்குள்
பதினோராவது ஆளை ஏற்றத் தெரிந்தவனுக்கு
என் வேலை புரியும்.
"கொஞ்சம் தள்ளி உக்காருங்க",
மொத்தப் படிப்பும் அவ்வளவுதான்.
ஆனால் ஆட்டோவில் யார் எங்கே உட்கார்ந்தாலும்
மாட்டுத்தாவணி வந்துவிடும்.
இது முதல் வளைவிலேயே கேட்கும்,
என் கனத்தை எங்கே வைத்தாய் என்று.

ரேடியேட்டரை வலப்பக்கம் மாற்றினேன்.
ஈடுகட்ட, பேட்டரியை இடப்பக்கம்.
கணக்குப்படி பின்சக்கரம் ஒவ்வொன்றும் சுமக்க வேண்டியது
எழுபத்தேழு புள்ளி ஆறு கிலோ.

சக்கரத்துக்குச் சக்கரம் எடை காட்டும் கருவிக்கு
எங்களிடம் காசில்லை.
இருளப்பன் போய்
கீழமாரட் வீதி வெங்காய மண்டியிலிருந்து
நான்கு மேடைத் தராசுகளைக் குட்டியானையில் ஏற்றி வந்தான்.
பேரையூரிலிருந்து அவன் அப்பா
இருபது வருடமாக அங்கேதான் சரக்குப் போடுகிறார்.
கேட்டதும் கொடுத்தார்களாம், டீயும் வாங்கித் தந்து.

ஒட்டியிருந்த சருகைத் துடைத்து
ஒவ்வொரு சக்கரத்தையும் ஒன்றின் மேல் நிறுத்தினோம்.
சுகிர்தா ஹெல்மெட்டோடு உள்ளே இறங்கி
அசையாமல் கிடந்தாள்.

வலது பின்சக்கரம்:
எழுபத்து நான்கு புள்ளி ஒன்பது.

மைதீன் ஸ்பிரிங் தட்டைக் கால் சுற்றுத் திருகினான்.
ஏறியது. கூடவே
குறுக்கே இருக்கும் முன்சக்கரமும் கனத்தது,
பந்தியில் ஒருவரைக் கூப்பிட
எதிர்வரிசையில் இன்னொருவர் எழுந்த மாதிரி.
பேட்டரியை வலத்துக்குக் கொண்டுவந்தேன்,
ரேடியேட்டர் குழாய் வழிவிடவில்லை.
குழாயை வளைத்தேன், சைலன்சர் சூட்டில் உருகியது.
மூன்று இரவு.
என் வரைபடத்தில் இருந்த எல்லாமே
ஒருமுறையாவது இடம் மாறிவிட்டன.
அந்த இரண்டே முக்கால் கிலோ மட்டும்
வரவே இல்லை.

மூன்றாம் இரவு, இரண்டு மணி இருக்கும்.
காரை இறக்கி ஓரமாகத் தள்ளியிருந்தோம்.
மெஸ் சாப்பாட்டில் இளைத்தேனா பார்ப்போம் என்று
சுகிர்தா வெறுங்காலோடு ஒரு தராசில் ஏறினாள்.
ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு.
பக்கத்துத் தராசிலும் அதே.
மூன்றாவதிலும்.
நாலாவதில் நாற்பத்தொன்பது புள்ளி நான்கு.
"ஐ, இதுல நான் ஒல்லி!"

சிரித்தோம்.
அப்புறம் மைதீன் ஏறினான். நான் ஏறினேன்.
டூல் பெட்டியை நான்கிலும் மாற்றி மாற்றி வைத்தோம்.

கார் கோணல் இல்லை!
என் கணக்கு சரி, பேட்டரி சரி,
மூன்று நாளாக நான் திட்டிய ரேடியேட்டர் சரி.
கொட்டகைத் தகரம் அதிரக் கத்தினேன்.

இருளப்பன் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து
அந்தத் தராசின் விளிம்பிலிருந்த எண்ணைக்
கட்டைவிரலால் தேய்த்துப் படித்துக்கொண்டிருந்தான்.
"அம்பது கிலோ மூட்டைன்னா
எவ்ளோடா குறையும்?"

கணக்குப் போடும் குஷியில் இருந்தேன்.
"ஒன்றே முக்கால்" என்றேன், சட்டென்று.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

விடியலில் குட்டியானை வந்தது.
மூன்று தராசுகளைப் பின்னால் ஏற்றினான்.
நாலாவதை, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து,
மடியில் வைத்துக்கொண்டான்.
இருபது கிலோ இருக்கும்,
நல்ல தராசில் நிறுத்தால்.